லேப்டாப்பைத் திட்டாதீங்க சாமி!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சாலும் முடிஞ்சது, இங்க புனேல நம்ம மக்கள் பழைய லேப்டாப்புல லுபுண்டு போட ஆரம்பிச்சாங்க. நல்ல விஷயம்தான். ஆனா ரெண்டே வாரத்துல புலம்பல்: "இதுல எதைத் தேடினாலும் கிடைக்கல, புதுசே வாங்கிடலாம்."

ஐயா, பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி டெர்மினலைத் திறங்க. 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பிலொகேட்'. அவ்வளவுதான். இது டிஸ்க் முழுக்கத் துழாவாது. ஃபைல் பெயர்களை ஒரு பட்டியலா வெச்சுக்கிட்டு அதுல பார்த்துச் சொல்லும். அதனாலதான் பழைய மெஷினும் திணறாது. பட்டியல் தினம் ஒரு தடவை தானா புதுசாகும். இப்பவே வேணும்னா 'சுடோ அப்டேட்டிடிபி'.

ஊர் வீட்டுப் பத்திரம், சாதிச் சான்றிதழ், தாத்தா போட்டோ எல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்க்லதானே வெச்சிருக்கீங்க? சிக்கலே அங்கதான். 'மீடியா' ஃபோல்டரைப் பட்டியல்ல சேர்க்காதேன்னு 'அப்டேட்டிடிபி டாட் கான்ஃப்'ல முன்கூட்டியே எழுதியிருக்கு. சுடோவோட அதைத் திறந்து, 'ப்ரூன்பாத்ஸ்' வரியில அந்த ஒரு பேரை மட்டும் எடுங்க. டிஸ்க்கைச் செருகிட்டு மறுபடி அப்டேட்டிடிபி. தேடும்போது 'ஹைஃபன் ஐ' போடுங்க; இல்லேன்னா ஆங்கிலப் பெயர்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பார்க்கும்.

அப்பவும் கிடைக்கலையா? பத்திரத்துக்கு 'ஸ்கேன்0001'னு பேர் வெச்சா எந்த மெஷின் கண்டுபிடிக்கும்? பிள்ளைக்குப் பேர் வைக்க மாசக்கணக்கா யோசிக்கிறோம்; அப்பா சம்பாதிச்ச வீட்டுப் பத்திரத்துக்கு ஒரு நிமிஷம் யோசிக்கக் கூடாதா?