அண்ணனுக்கு வந்தால் தம்பிக்கும் ஸ்கேன்

வானொலியில் உடல்நலம் பற்றிப் பேசும் நாளில் தொலைபேசி ஓய்வதில்லை. "ஃபுட்சால் ஆடிக்கிட்டு இருக்கும்போதே விழுந்துட்டான், அட்டாக்" என்பார் ஒருவர். "பிள்ளை பெத்து மூணு மாசம், படுத்தா மூச்சு வாங்குது, அட்டாக்கா இருக்குமோ?" என்று கேட்பார் இன்னொருவர். இருதயத்தில் எது வந்தாலும் நம் வீடுகளில் அதற்கு ஒரே பெயர்தான்.

மாரடைப்பு என்பது இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் விழும் அடைப்பு. குழாய் சுத்தமாக இருந்தும் இருதயத்தின் தசையே பழுதானால் அது வேறு நோய். கார்டியோமையோபதி, அதாவது இருதயத் தசை நோய். சர்க்கரை, கொழுப்பு எதுவும் இல்லாத இளைஞருக்கும் இது வரலாம். 2003 ஜூன் 26ஆம் தேதி, பிரான்ஸின் லியோன் நகரில் நடந்த கான்ஃபெடரேஷன் கிண்ண அரையிறுதியில், கேமரூன் ஆட்டக்காரர் மார்க் விவியன் ஃபோ திடலிலேயே சாய்ந்து இறந்தார். வயது 28. அவருடைய இருதயத் தசை தடித்திருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

இந்த நோயில் பல வகை உண்டு. அடிக்கடி காணப்படுபவை இரண்டு.

முதலாவது, இருதயம் பலூன்போல விரிந்து பலவீனமாவது. மூச்சு வாங்கும், கால் வீங்கும். பரம்பரை, வைரஸ் கிருமி, சில புற்றுநோய் மருந்துகள், பல வருட மதுப்பழக்கம் ஆகியவை காரணமாகலாம். சில பெண்களுக்குப் பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் வருகிறது. இருதயத்தின் சுமையைக் குறைக்கும் மாத்திரைகள், பீட்டா பிளாக்கர், நீர் பிரியும் மாத்திரை ஆகியவற்றைக் கொடுப்பார்கள். சர்க்கரை நோய்க்காக வந்த புதிய மாத்திரைகளில் ஒரு வகை, சர்க்கரை இல்லாத இருதய நோயாளிகளுக்கும் இப்போது பயன்படுகிறது. மதுவால் வந்ததென்றால் அதை அடியோடு நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தியவர்கள் பலருக்கு இருதயம் தேறியிருக்கிறது. எதுவும் பலிக்காத நிலையில் கடைசி வழி மாற்று இருதயம். நம் நாட்டில் அந்த அறுவை சிகிச்சை முதலில் நடந்தது 1997இல், கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகமான ஐஜேஎன்னில்.

இரண்டாவது, தசை தடிப்பது. ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பலருக்கு அறிகுறியே இருக்காது. ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு வந்தால் அசட்டையாக விடாதீர்கள். மாத்திரையில் தொடங்குவார்கள். தடித்த தசை ரத்தம் போகும் வழியை அடைத்தால் அதைச் சீவி எடுப்பார்கள். அல்லது மெல்லிய குழாய் வழியாகச் சிறிது ஆல்கஹாலைச் செலுத்தி அந்த இடத்தைச் சுருங்க வைப்பார்கள். திடீர் மரண ஆபத்து உள்ளவர்களுக்குத் காறை எலும்பின் கீழே ஐசிடி கருவி பொருத்தப்படும். துடிப்பு தடம் புரண்டால் அது மின்னதிர்வு கொடுத்துச் சீராக்கும்.

இவை தவிர, தசை விறைத்துப் போகும் வகையும், தசை கொழுப்பாகவும் தழும்பாகவும் மாறித் துடிப்பு தடுமாறும் வகையும் உண்டு.

தடிக்கும் வகை பெரும்பாலும் ரத்த சொந்தத்தில் இறங்குவது. பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணுக் கோளாறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம், ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வாளர்கள் பங்கெடுத்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. இந்தியத் துணைக்கண்ட வம்சாவளியினரில் 100க்குச் சுமார் 4 பேரிடம், இருதயத் தசைப் புரதத்துக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை அது காட்டியது. அது இருக்கிற எல்லாருக்கும் நோய் வருவதில்லை. கூடவே வேறு மரபணு மாற்றங்களும் இருந்தால்தான் ஆபத்து கூடுகிறது என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே பயப்பட வேண்டாம்; ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு நோய் உறுதியானால் மற்றவர்கள் சும்மா இருக்கக் கூடாது.

நாம் சறுக்குவது இங்கேதான். ஒலிபரப்பு முடிந்த பிறகு தனியாகப் பேசும் நேயர்கள் சிலர் சொல்வது இது: "தங்கச்சிக்கு வரன் பார்க்கிறோம். அண்ணன் நோய் வெளியே தெரிய வேணாம்." அந்தத் தங்கைக்கே யாரும் சொல்வதில்லை. நாளைக்கு அவர் கர்ப்பமாகும்போது இருதயத்தின் வேலை கணிசமாகக் கூடும். முன்பே தெரிந்தால் மருத்துவர் கண்காணிப்பிலேயே பிள்ளை பெறலாம். மறைத்தால், பிரசவ அறையில்தான் எல்லாருக்கும் தெரியவரும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. நோய் உறுதியானவரின் அறிக்கையை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். கட்டணம் ஒரு வெள்ளிதான். குடும்ப விவரத்தைச் சொல்லி, இசிஜி, எக்கோ ஸ்கேன் எடுக்கப் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். எக்கோவில் ஊசி இல்லை, வலி இல்லை. முதல் ஸ்கேன் சரியாக இருந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். வளரும் பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை, பெரியவர்களுக்கு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் எடுக்க வேண்டும்.

குடும்பம் கூடும் அடுத்த விசேஷத்தில் பாட்டியிடமும் பெரியப்பாவிடமும் ஒன்று கேட்டுப் பாருங்கள்: நம் சொந்தத்தில் 50 வயதுக்கு முன்பே யாராவது திடீரென்று போனார்களா? "ஆமாம், அவர் வேலைக்குக் கிளம்பும்போதே..." என்று பதில் வந்தால், அந்த வாரமே கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.