பாய்மரம் காவாத பழம்பெருமை

இராசேந்திர சோழன் 1025-இல் கடாரம் கொண்ட பெருமையை மேடைதோறும் முழங்குவோர் தமிழகத்தில் பலர். பாய்விரித்துக் கடல்கடந்த கலம் ஒன்றைக் காட்டுக என்றால், அவர் கை எத்திசை நோக்கி நீளும்?

1869-இல் கட்டிய 'கட்டி சார்க்கு' என்னும் தேயிலைக் கப்பலை ஆங்கிலேயர் 1954-இல் கிரீனிச்சில் உலர்துறை ஏற்றினர். 2007-இல் அது தீப்பற்றியபோதும் கைவிட்டாரல்லர். சீர்செய்து 2012-இல் மீண்டும் திறந்தனர். மும்பையில் தேக்கால் கட்டப்பெற்று 1817-இல் நீரில் இறங்கிய போர்க்கப்பல் ஒன்றும் அவர்தம் ஆர்ட்டில்பூல் துறையில் இன்றும் காக்கப்படுகின்றது. அதன் பெயர் 'டிரிங்கோமலி'! திருக்கோணமலை என்னும் தீந்தமிழ்ப் பெயரைத் தன் நாவில் சிதைத்த அயலான், அப்பெயர் தாங்கிய கலத்தைச் சிதைய விடவில்லை.

தமிழன் செய்தது என்ன? ஈழத்து வல்வெட்டித்துறை ஓடாவிகள் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். தமிழ்க் கடலோடிகளே அதனைச் செலுத்திச் சென்று, 1938-இல் மாசச்சூசெட்சு நாட்டகத்துக் குளோசுடர் துறையில் சேர்த்தனர். கலத்தின் பெயரும் மாறிற்று. தூத்துக்குடியினின்று காற்றை நம்பியே கொழும்புக்குச் சரக்கேற்றிய தோணிகளோ, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பொறி பூண்டன.

பொறி பூண்டது குற்றமன்று. பிழைப்புக்கு அது வேண்டும். பழங்கலம் ஒன்றையேனும் கரையேற்றிக் காவாமையே குற்றம். கலம் அழிந்தால் மரம் மட்டுமா அழியும்? அடிமரத்திற்கு ஏரா, விலாச்சட்டத்திற்கு வங்கு, பாய்தாங்கும் குறுக்குமரத்திற்குப் பருமல் என ஓடாவி வழங்கிய சொற்களும் உடன் அழியும். உலகிற்குக் கட்டுமரம் என்னும் சொல்லை ஈந்த இனம், கலச்சொற்களை ஆங்கிலத்தில் இரந்து நிற்பதா? நாவாய் தமிழ்ச்சொல்லே என்று நாட்டிய பாவாணர்க்கு இதுவோ கைம்மாறு?

இடமில்லை, பணமில்லை என்பது பொய்யுரை. பூவிருந்தவல்லியை அடுத்த, கடல்மணமே அறியாத குத்தம்பாக்கத்தில் பேருந்து நிலையத்திற்கு ஏறத்தாழ 25 ஏக்கர் நிலமும் கோடிக்கணக்கில் பணமும் கண்டது அரசு. பேருந்து நிலையம் வேண்டுவதே. ஆயின், ஒரு தோணிக்குத் தூத்துக்குடிக் கரையில் கூரை வேய அவ்வரசால் இயலாதா? இல்லாதது மனமே!

தமிழக அரசு செய்ய வேண்டுவன இரண்டு. எஞ்சிய தோணிகளுள் ஒன்றை வாங்கிப் பழையபடி பாய்மரம் நாட்டிக் காத்தல். முதிய ஓடாவிகள் உயிரோடிருக்கும்போதே அவர்தம் சொற்களையும் தொழில்நுட்பத்தையும் திரட்டிப் பதிவு செய்தல். இவற்றைக் கேட்டுப் பெறாத தமிழனுக்குச் சோழன் கப்பலைப் பற்றிப் பேச உரிமை இல்லை.