கேலிச்சித்திரக்காரரின் கடினமான புதினம்



சேலத்து அன்பர் ஒருவர் அண்மையில் சலித்துக்கொண்டார்: “கார்ட்டூன் வரைந்தவர் எழுதிய கதையாயிற்றே, சிரித்துக்கொண்டே படிக்கலாம் என்று எடுத்தேன். இருபது பக்கத்தோடு மூடிவிட்டேன்!” அவர் குறிப்பிட்டது ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’.

பாலக்காட்டுக்காரரான விஜயன் (1930–2005), தில்லியில் ‘சங்கர்ஸ் வீக்லி’யிலும் பின்னர் ‘தி இந்து’விலும் வரைந்த கேலிச்சித்திரங்களால் நாடறிந்தவர். 1956ஆம் ஆண்டில், தம் சகோதரி ஆசிரியையாக இருந்த தஸ்ராக் என்னும் சிற்றூரில் தங்கினார். அவ்வூரே கதையில் கசாக் ஆயிற்று. 1968இல் ‘மாத்ருபூமி’ வார இதழில் தொடராகவும், 1969இல் நூலாகவும் வெளிவந்தது. யூமா வாசுகியின் தமிழாக்கம் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றது.

நூல் கடினமானது என்பதை மறுப்பதற்கில்லை. கதை நேர்க்கோட்டில் செல்லாது. நடந்ததும் ஊரார் நம்பியதும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும். எனினும் அதில் வாழ்பவர்கள் நமக்கு அந்நியரல்லர். கசாக்கின் முஸ்லிம்கள் இராவுத்தர்கள். சேலம், நாமக்கல் வட்டாரங்களில் நம் அண்டை வீட்டாராகவும் உறவினராகவும் இருப்போரின் இனத்தவர்.

ஊருக்கு ஓராசிரியர் பள்ளி வருகிறது. அதுவரை பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வந்த அல்லாப்பிச்சா மொல்லாக்கா அதை எதிர்க்கிறார். எதிர்த்தும் பயனில்லை. முடிவில் வறுமை அவரை அதே பள்ளியின் எடுபிடி வேலைக்குக் கொண்டு நிறுத்துகிறது. விஜயன் இம்முதியவரைக் கேலிச்சித்திரமாக்கவில்லை. அவருடைய துயரத்தை மரியாதையோடு எழுதுகிறார். நம் ஊர்களிலும் உஸ்தாதுமார்கள் சிலர் முதுமையில் எப்படி வாழ்கிறார்கள் என்று நாம் கேட்டறிந்ததுண்டா? இந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியது இப்புதினம்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இது மார்க்க நூலன்று. மனிதரின் சறுக்கல்களையும் உடல் இச்சைகளையும் ஒளிவின்றிப் பேசுவது. பெரியவர்களுக்கே உரியது, சிறுவர் கையில் கொடுக்கலாகாது. ஷேகு பற்றி அவ்வூரார் நம்பும் கதைகளை அகீதாவாகக் கொள்ளவும் வேண்டியதில்லை.

அக்கதைகளுள் ஒன்று இது. ஆயிரத்தொரு குதிரைகளோடு செய்யிது மியான் ஷேகு கசாக்கிற்கு வந்தாராம். ஆயிரமும் வெண்ணிறப் புரவிகள். அவர் ஏறி வந்ததோ நோயுற்ற கிழக்குதிரை! எல்லோரும் கைவிடும் அதற்கு வேறு யார் துணை? அது நடக்க இயலாமற் போனபோது படை முழுவதும் அங்கேயே நின்றுவிட்டதாம்.

கடினமான நூலைப் படிப்பதற்கும் அந்த நடையே தகும். இஷாவுக்குப் பின் நாளொன்றுக்கு ஐந்து பக்கம் போதும். விளங்காத இடத்தில் நின்று, மறுநாள் மீண்டும் படியுங்கள். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினால் பாதிக் கடினம் குறைந்துவிடும்.

சேலத்து அன்பர் மீண்டும் முதற்பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறார். நீங்களும் தொடங்குங்கள், இன்ஷா அல்லாஹ்.