நீர்மேல் நடக்கும் உயிர்கள்

2023 ஜூலை 26 அன்று, பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக என்.எல்.சி. நிறுவனத்தின் இயந்திரங்கள் வளையமாதேவியின் நெல்வயல்களில் இறங்கின. பயிரின் இழப்பு நீதிமன்றம் வரை பேசப்பட்டது, பேச வேண்டியதுதான். ஆனால் ஆற்றோரத் தேக்கங்களில் நீரின் மேல் நடக்கும் பூச்சிகளும் அல்லாஹ்வின் படைப்புகளே.

கால்களின் நுண்மயிர்கள் நனையாததால் அவை மூழ்குவதில்லை. நீரில் விழும் சிற்றுயிர்களையும், மூச்சுவிட மேலே வரும் கொசுப்புழுக்களையும் உண்கின்றன. ஒரே இனத்திலேயே சிலவற்றுக்கு இறக்கை உண்டு, சிலவற்றுக்கு இல்லை. குட்டை அழிந்தால் இறக்கையுள்ளவை வேறு நீர் தேடிப் பறக்கும். மற்றவை அங்கேயே மடியும். ஆகவே, புல்லும் தேக்கமும் இல்லாது நேராக வெட்டப்படும் எந்தக் கால்வாயும் ஆற்றுக்கு ஈடாகாது என்பதே நம் கருத்து. கரையில் செடிகள் நிலைக்க வேண்டும். அருகிலுள்ள குட்டைகள் தூர்க்கப்படக் கூடாது.

சுரங்கத்தை மட்டும் குறைகூறுவது எளிது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பலரோ அப்பேணுதலை உளூச் செய்யும் நீரோடு நிறுத்திக்கொள்கின்றனர். சோப்பு நீரும் வண்டி கழுவிய எண்ணெயும் கலந்தால் குளத்தின் பரப்பு இழுவிசை தளர்ந்து, இப்பூச்சிகள் மூழ்கிவிடும். பள்ளிவாசல் குளம் உள்ள ஊர்களில் அக்கழிவுநீரை வேறு பக்கம் திருப்ப, ஜமாஅத் கூட்டத்தின் ஒரு தீர்மானம் போதும்.