சாம்பார் ஓவர்!

தங்கை கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் எனக்கு அந்த ஞானோதயம் வந்தது. மண்டபத்தில் மணமேடை முதல் மாடி, சாப்பாட்டுக் கூடம் தரைக்குக் கீழே. அங்கே இறங்கினால் செல்போன் செத்துவிடும். பந்திக்கும் மேடைக்கும் நடுவே ஓடப் போவது யார்? நான்தான். பி.காம். மூளை கணக்குப் போட்டது. ஆன்லைனில் ஒரு ஜோடி வாக்கி டாக்கி வாங்கிவிட்டேன்.

பெட்டியில் 'ஐந்து வாட்' என்று கொட்டை எழுத்து. 400 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் வரை எதில் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாமாம். லைசென்ஸ் பற்றி ஒரு வரி கிடையாது. நானும் கேட்கவில்லை. டார்ச் லைட் வாங்கும்போது கேட்கிறோமா?

முகூர்த்தத்தன்று அமர்க்களமாக ஆரம்பித்தது. சினிமாவில் பார்த்தபடி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் 'ஓவர்' சேர்த்தேன். "மாஸ்டர், ரெண்டாம் பந்திக்கு சாம்பார், ஓவர்!" சமையல் மாஸ்டர் 'சாம்பார் தீர்ந்துபோச்சு' என்று எடுத்துக்கொண்டு இன்னொரு அண்டாவை ஏற்றிவிட்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மாஸ்டரிடம் வடை கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன், செட்டில் யாரோ ஒரு புது ஆள். "ஸ்ட்ரெச்சர் எந்த வாசலுக்குண்ணே? திரும்பச் சொல்லுங்க. வடைன்னு கேக்குது!"

பக்கத்துத் தெருவில் ஆஸ்பத்திரி இருப்பது அப்போதுதான் உறைத்தது.

பின்னாலிருந்து ஒரு கை வந்து செட்டைப் பிடுங்கி அணைத்தது. பெரியப்பா. கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர். ரேடியோ பெட்டிக்கே வருஷா வருஷம் தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டிய தலைமுறை.

"எஃப்.எம்.ல ரெண்டு பேர் ஒரே அலைவரிசையில பேசினா, வலுவா வர்றவன் குரல்தான் கேக்கும். இன்னொருத்தன் பேசினதே தெரியாது. அவன் உயிர் போகக் கத்தினாலும் தெரியாது" என்றார். மேளச் சத்தத்திலும் அது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அஞ்சு வாட் இருந்தா நல்லா எட்டும்னு நினைச்சேன், பெரியப்பா."

"அரை வாட்டை அஞ்சு வாட் ஆக்கினா சக்திதான் பத்து மடங்கு. தூரம் வெட்டவெளியிலேயே மூணு மடங்குக்குச் சொச்சம். ஊருக்குள்ள அதையும் சுவர் தின்னுடும். மாடியிலேருந்து கீழே பேச எதுக்குடா அஞ்சு வாட்?"

ஐரோப்பாவில் லைசென்ஸ் இல்லாத 446 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளுக்கு அரை வாட்தான் உச்சவரம்பு. அமெரிக்காவில் லாரிக்காரர்கள் பேசித் தீர்த்த சி.பி. ரேடியோவுக்கு 1983-ல் லைசென்ஸை எடுத்தார்கள். பேச்சுக்கு நாலு வாட் என்ற வரம்பை எடுக்கவில்லை. நம் ஊரில் 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஐந்து வாட் வரை 2005-லிருந்தே லைசென்ஸ் வேண்டாம். 2018 விதிகளின்படி 446.0 முதல் 446.2 வரைக்கும் வேண்டாம். ஆனால் அந்தச் சின்னச் சந்துக்குள் மட்டுமே வேலை செய்கிற செட்டாக இருக்க வேண்டும், அரசாங்கத்தின் கருவி அங்கீகாரச் சான்றும் வேண்டும். என்னுடையதோ ஊரெல்லாம் மேய்கிற மாடு. 1933-ம் வருஷத்து வயர்லெஸ் சட்டம், லைசென்ஸ் இல்லாத டிரான்ஸ்மிட்டரை வைத்திருந்தாலே மூன்று வருஷம் வரை ஜெயில் அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது. ஆயிரம் ரூபாய் பரவாயில்லை என்று என் பி.காம். மூளை சொன்னது. மூன்று வருஷத்துக்கு எந்தத் தலைப்பில் பற்று எழுதுவது? 2023-ல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டமே வந்துவிட்டது. ஆன்லைனில் இவற்றை விற்பவர்கள் அலைவரிசையையும் லைசென்ஸ் விவரத்தையும் சொல்லியாக வேண்டும் என்று 2025-ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிமுறைகள் போட்டது. நான் அவசரக் குடுக்கை, அதற்கு முன்பே வாங்கித் தொலைத்திருந்தேன்.

பெரியப்பா மாடிப்படித் திருப்பங்களில் வாண்டுகளை நிறுத்திவைத்தார். "பாயசம்!" என்று மேலே கத்தினால் மூன்றாவது வாயில் கீழே போய்ச் சேர்ந்தது. வாட் கணக்கும் இல்லை, லைசென்ஸும் இல்லை.

எனக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. தாலி கட்டி முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்ததால் மிச்ச சாம்பாரில் ஒரு தூக்கும் இலைச் சாப்பாடும். வாசலில் செக்யூரிட்டி, இடுப்பில் செட். விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிரிக்கவில்லை.

"பெரியவர் ஒருத்தர் ஆட்டோவுலேயே கிடந்தாரு சார். வாசல் தெரியாம ரெண்டு நிமிஷம் போச்சு. நானே ஓடிப் போய்க் கூட்டிட்டு வந்தேன். இப்போ தேவலை, வார்டுல இருக்காரு."

கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தூக்கை நீட்டினேன். வாங்கித் திறந்து பார்த்தார்.

"ஆமா, நீங்க கேட்ட வடை வந்துச்சா சார்?"