துப்புச் சொன்னவருக்கு லத்தி கொடுத்தது யார்?

பள்ளி ஊழியர் ஒருவர் குழந்தையிடம் தவறாக நடந்துகொண்டால், அதை வெளியே சொன்னவரே வழக்கைக் கடைசிவரை தன் கையில் வைத்திருக்க வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வாதிட்டது. மற்றப் பிள்ளைகளையும் அவரே தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டுமாம். செல்போனில் பதிவு செய்ய வேண்டுமாம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டுமாம். இதெல்லாம் அத்துமீறல் என்று யாராவது முணுமுணுத்தால் அவர் குற்றவாளியின் ஆள். இப்படி எழுதிவிட்டால் எதிர்த்துப் பேச யாரும் வரமாட்டார்கள் என்பது கட்டுரையாளரின் கணக்கு. கணக்கு தப்பு.

அவர் காட்டும் பெரிய சான்று கிருஷ்ணகிரி. 2024 ஆகஸ்டில் வெளிவந்த போலி என்.சி.சி. முகாம் பாலியல் வன்கொடுமை விவகாரத்தில், தனியார் பள்ளி நிர்வாகம் போலீசுக்குச் சொல்லாமல் மூடி மறைத்தது. பள்ளி முதல்வரும் கைதானார். உண்மைதான். தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை என்பதற்கு அது சான்று. வாய் திறந்தவர் அதோடு நின்றதால் வழக்கு கெட்டது என்பதற்கு அது எப்படிச் சான்றாகும்? சொல்லாமல் விட்டவர்களின் பாவத்தைக் காட்டி, சொன்னவருக்கு இன்ஸ்பெக்டர் உத்தியோகம் கேட்கிறார்.

அந்த உத்தியோகத்தைக் கையில் எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கலிபோர்னியாவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கைப் படித்திருக்கலாம். 1983-ல் ஒரு தாய் புகார் கொடுத்தார். ஆசிரியர் ரே பக்கி கைதாகி, ஆதாரம் போதாமல் வெளியே வந்தார். மறுநாளே மன்ஹாட்டன் பீச் போலீஸ் தலைவர் சுமார் 200 பெற்றோருக்குக் கடிதம் அனுப்பினார். அதில் சந்தேக நபரின் பெயர் இருந்தது. என்னென்ன நடந்திருக்கலாம் என்ற பட்டியல் இருந்தது. உங்கள் குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள் என்ற வேண்டுகோளும் இருந்தது. கூடவே, விசாரணையை ரகசியமாக வைத்திருங்கள் என்றும் எழுதியிருந்தார்! பிறகு நூற்றுக்கணக்கான குழந்தைகளைத் தனியார் நிறுவனம் ஒன்று கைப்பொம்மைகளை வைத்துக்கொண்டு பேட்டி எடுத்தது. மற்றவர்கள் எல்லாம் சொல்லிவிட்டார்கள், நீயும் சொல் என்றார்கள். சொன்ன குழந்தைக்குப் பாராட்டு. ஒன்றும் நடக்கவில்லை என்ற குழந்தைக்கு முகச்சுளிப்பு. ஏழு பேர் மீது வழக்கு, சுமார் ஒன்றரைக் கோடி டாலர் செலவு, பக்கிக்குத் தண்டனையே இல்லாமல் ஐந்து ஆண்டுச் சிறை. 1990-ல் எஞ்சிய வழக்கும் கைவிடப்பட்டபோது ஒருவர் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை. சில குழந்தைகளுக்கு ஏதோ நடந்திருக்கலாம் என்று நினைத்த ஜூரிகளும் உண்டு. ஆனால் அந்தப் பேட்டிகளைப் பார்த்தபின், எது குழந்தையின் சொல், எது கேட்டவரின் சொல் என்று அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. அப்படி யாருக்காவது நடந்திருந்தால், அந்தக் குழந்தைக்கு நீதி கிடைக்காமல் செய்தவர்கள் அதற்காகப் பரிந்து வந்தவர்களே.

“அது போலீஸ் அனுப்பிய கடிதம்” என்று அவர் தப்பிக்க முடியாது. அவர் பரிந்துரைக்கும் வாட்ஸ்அப் செய்திக்கும் அந்தக் கடிதத்துக்கும் என்ன வித்தியாசம்? தபால்தலை ஒன்றுதான்.

“குழந்தை பொய் சொல்லாது” என்பது அடுத்த கேடயம். பொய் என்று யார் சொன்னது? 1998-ல் டெக்சஸ் உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 3 முதல் 6 வயதுக் குழந்தைகளின் வகுப்புக்கு ஒருவர் வந்து கதை சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து, அவர் செய்யாத காரியங்களைச் செய்ததாகக் கேட்டார்கள். வெறுமனே தூண்டிக் கேட்டபோது தவறான ‘ஆமாம்’ 17 சதவீதம். மெக்மார்ட்டின் பாணியில் பாராட்டும் நெருக்குதலும் சேர்ந்தபோது 58 சதவீதம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

எட்டாம் வகுப்புப் பெண் மழலை அல்லவே என்பார். சரி. அவள் முதலில் வகுப்பாசிரியையிடம் சொல்கிறாள், பிறகு ஹெச்.எம். அறையில், பிறகு செல்போன் முன்னால், கடைசியில் போலீசிடம். ஒருமுறை மதிய இடைவேளையில் நடந்தது என்கிறாள், இன்னொருமுறை பள்ளி விட்டபின் என்கிறாள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்?

போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு தகவல் சொல்லத்தான் சொல்கிறது, நிரூபிக்கச் சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடு சொன்னவருக்குப் பாதுகாப்பும் தருகிறது. வாக்குமூலம் வாங்க, கூடுமானவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, அதுவும் சீருடை இல்லாமல் வர வேண்டும் என்கிறது 24. பெயர், படம், பள்ளி என்று குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக்கூடாது, மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறையோ, அபராதமோ, இரண்டுமோ என்கிறது 23. தைரியசாலி ஆசிரியைக்குக் கட்டுரையாளர் போட்டுக் கொடுத்த திட்டம் அவரையே குற்றவாளிக் கூண்டுக்கு அனுப்பக்கூடியது. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

ஓய்ந்துவிடச் சொல்கிறேனா? இல்லை. எஃப்.ஐ.ஆர். போட்டார்களா என்று ஸ்டேஷனில் போய் நிற்கட்டும். 24 மணி நேரத்தில் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போனதா என்று கேட்கட்டும். போகவில்லை என்றால் எஸ்.பி. அலுவலகப் படி ஏறட்டும், 1098-க்கு அடித்துக்கொண்டே இருக்கட்டும். நிர்வாகம் இடமாற்றம் என்று மிரட்டினால் நாமெல்லாம் கூட நிற்போம். விரட்ட வேண்டியது அலுவலகங்களை. குழந்தையை அல்ல.

“இதையெல்லாம் சொல்லச் சொன்னது டீச்சர்தானே?” என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். கட்டுரையாளரின் திட்டப்படி நடந்த வழக்கில் அந்தப் பெண் இதற்கு என்ன பதில் சொல்வாள்? அடுத்த இதழில் எழுதட்டும்.