விளையாட்டு எழுத்தும் அங்கதமும்

ஆட்டத்தின் முடிவை அறிய நாளிதழைப் புரட்டுவோர் பலர். முடிவு தெரிந்த பின்னரும், அவ்வாட்டத்தைப் பற்றி இன்னார் என்ன எழுதினார் எனத் தேடிப் படிப்போர் சிலரே. அத்தகைய வாசகரைப் பம்பாயில் பல்லாண்டுகள் தம் பின்னே ஈர்த்து வைத்திருந்தவர் பார்சிப் பெருமகனார் ஏ.எஃப்.எஸ். தல்யார்கான் (1897–1990).

1934-இல் பம்பாய் நாற்கூட்டுப் போட்டியை வானொலியில் வருணித்துப் புகழ்பெற்றவர் அவர். இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர் என அணிகள் பிரிந்து ஆடிய போட்டி அது. பின்னர் ஐங்கூட்டாக வளர்ந்த அப்போட்டியைக் காந்தியடிகள் 1940-இல் எதிர்த்தார். 1946-இல் அது கைவிடப்பட்டது. தல்யார்கான் நாள் முழுதும் தனியொருவராகவே பேசுவார். 1948-49-இல் மேற்கிந்தியத் தீவு அணி வந்தபோது, ஒலிவாங்கியைப் பிறரோடு பகிருமாறு வானொலியார் கூறவே விலகிக்கொண்டார். செருக்கு என்பர், செருக்கேதான்! ஆயினும் அதே செருக்கு, கிரிக்கெட் வாரியத்துக்கும் தேர்வாளர்க்கும் அஞ்சாத எழுத்தாயிற்று. ‘விளங்கிற்றா, ஸ்டீவ்?’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் அவருடைய முத்திரை. முதுமையிலும் ‘மிட்-டே’ நாளிதழில் எழுதிவந்தார். சினந்தவர்களும் மறுநாள் அவர் பத்தியைத் தேடினர்.

இவ்வகை எழுத்து தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம் என்றும் பழிகரப்பு அங்கதம் என்றும் பகுத்தார். வெளிப்படையாகப் பழித்தல் முன்னது. மறைத்துப் பழித்தல் பின்னது. சுசீந்திரத்தில் வாழும் நமக்கு அடுத்த ஊரே தேரூர். அங்குப் பிறந்த கவிமணி, ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ பாடியபோது, அது முதலில் இதழில் தொடராகவே வெளிவந்தது. படித்தோர் நகைத்தனர், நகைத்த பின்னரே அந்நகை தம் வீட்டுச் சொத்துரிமையைச் சுட்டுவதை உணர்ந்தனர். தம் சமூகத்து வழக்கத்தையே கவிமணி நையாண்டி செய்தார் என்பது கருதத்தக்கது. 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமும் வந்தது.

ஆகவே, நகைக்க வைக்கும் எழுத்தாளர் ஒருவரைப் பின்தொடர்வோர், அந்நகை எதன்மீது பாய்கிறது என்று கேட்டறிதல் வேண்டும். 24.10.2021 அன்று துபாயில் இந்திய அணி பாகிஸ்தானிடம் பத்து விக்கெட் வேறுபாட்டில் தோற்றது. முகம்மது ஷமி 3.5 ஓவரில் 43 ஓட்டங்கள் கொடுத்தார். அப்பந்துவீச்சை எழுதலாம், எள்ளலாம். தல்யார்கான் இருந்திருந்தால் விட்டுவைத்திருக்க மாட்டார். ஆனால் சிலர் எள்ளியது பந்துவீச்சை அன்று, அவருடைய சமயத்தை. அணித்தலைவர் விராட் கோலி அதனைக் கடுமையாகக் கண்டித்தார். அங்கதம் என்ற பெயருக்கே அந்த ஏளனம் தகுதியற்றது. பழிப்பதற்கும் ஒரு குற்றம் வேண்டுமன்றோ?

தமிழில் கிரிக்கெட்டை இனிமையாக வருணித்த சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்ற குரல்கள் நமக்கு வாய்த்தன. எனினும் விளையாட்டை அங்கதச் சுவையோடு, தம் பெயரிட்டு, சான்று காட்டி எழுதும் பேனாக்கள் இன்னும் போதவில்லை. நம் துறை மாணவர்கள் சுவரிதழில் இதனைத் தொடங்கலாம். பொருள் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா; நம் கல்லூரி அணி தேர்ந்தெடுக்கப்படும் முறையே முதற் கட்டுரைக்குப் போதும். உடற்கல்வித் துறையினர் பொறுத்தருள்வாராக.